பொங்கல் விடுமுறையில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்: பெற்றோரோடு காரில் போகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பொங்கலை ஒட்டி ஐந்து நாள் கையில் இருக்கிறது. எழுபதைத் தாண்டிய அப்பா, முழங்கால் வலியுள்ள அம்மா, மனைவி, எட்டு வயதுப் பையன். சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம். அங்கிருந்து சாலை வழியாக ஆக்ரா, ஜெய்ப்பூர் பார்த்துவிட்டு மறுபடி டெல்லி. எக்ஸ்பிரஸ்வே எல்லாம் வந்துவிட்டதால் வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டலாமா, அப்படியே காசியையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பது கேள்வி. தூரமும் நேரமும் மட்டும் வேண்டுமென்றால் கைபேசி வரைபடமே சொல்லிவிடும். வயதானவர்களை அலைக்கழிக்காமல் இதைச் செய்ய முடியுமா, சாலையில் கழியும் நேரத்துக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

டெல்லியில் குடியிருந்துகொண்டு, தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கு வண்டி, தங்குமிடம் ஏற்பாடு செய்து தருவது என் தொழில். பல வருஷமாக இதே வழிகளில் போய்வருகிறேன். என் பதில் இதுதான்: போகலாம், ஆனால் நீங்கள் ஓட்ட வேண்டாம். டெல்லி–ஆக்ராவை எக்ஸ்பிரஸ்வேயில் சீக்கிரம் கடந்துவிடுங்கள். ஆக்ரா–ஜெய்ப்பூருக்கு ஒன்றரை நாள் கொடுங்கள். காசியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். இனி காரணங்களுக்கு வருகிறேன்.

முதலில் மூடுபனி. பொங்கல் வாரம் என்பது வட இந்தியச் சமவெளியில் மூடுபனியின் உச்ச காலம். கோதுமைக்கும் கடுகுக்கும் நீர் பாய்ச்சிய வயல்களின் ஈரம், நீண்ட குளிர் இரவு, அசையாத காற்று, அதில் மிதக்கும் புகைத்தூள் எல்லாம் சேர்ந்து விடியற்காலையில் தரையோடு படிந்துவிடும். பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் விலகும். சில நாள் மதியம் வரை விலகாது. ஜனவரியில் பனி இருக்கும் என்பது நிச்சயம். எந்த நாள் அடர்த்தியாக இருக்கும் என்பதை வானிலை மையமே ஓரிரு நாள் முன்புதான் சொல்லும். ஆகவே 'அதிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் டிராஃபிக் இருக்காது' என்ற ஆலோசனை மார்ச் மாதத்துக்கு நல்லது, ஜனவரிக்கு ஆபத்து. எக்ஸ்பிரஸ்வேயில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் பின்னால் வருகிறவன் வேகமாக வருவான். ஒரு வண்டி நின்றால் அதன் பின்னால் வரிசையாக மோதுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து. இதற்காகவே யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கான வேக வரம்பை 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைத்துவிடுகிறார்கள். உங்கள் பயணத்தில் எந்த நாளும் காலை ஒன்பதரைக்கு முன் நெடுஞ்சாலை ஏறாதீர்கள், இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் இருக்காதீர்கள். விடுமுறையை பிப்ரவரி நடுவுக்குத் தள்ள முடிந்தால் இந்தக் கவலை பாதிக்கு மேல் போய்விடும். குளிரும் தாங்கும்படி இருக்கும்.

அடுத்து, யார் ஓட்டுவது. நீங்கள் சென்னையில் நன்றாக ஓட்டுகிறவராக இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆக்ரா–ஜெய்ப்பூர் சாலையில், நடுவில் தடுப்பு வைத்த நான்கு வழிச் சாலையிலேயே, உங்கள் வழியில் எதிரே டிராக்டர் வரும், பைக் வரும். அந்த ஊர்க்காரர் யூ-டர்ன் வரை போய்த் திரும்ப மாட்டார், ராங் சைடிலேயே வருவார். பூசா என்று சொல்லும் நறுக்கிய வைக்கோலைச் சாக்குத்துணியில் அடைத்து, டிரெய்லரின் இருபுறமும் பிதுங்கி ஒன்றரை வழியை அடைத்துக்கொண்டு, பின்விளக்கே இல்லாமல் போகும் வண்டிகள் உண்டு. மாடுகள் உண்டு, வயலிலிருந்து திடீரென்று குறுக்கே பாயும் நீல்காய் மான்கள் உண்டு. அந்தச் சாலையில் பழகிய டிரைவர் இவற்றை முன்கூட்டியே எதிர்பார்ப்பார். தவிர, பின் சீட்டில் அம்மா கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் பார்க்கிங் தேடி அலையக் கூடாது.

டிரைவரோடு வண்டி எடுக்கும்போது சில விஷயங்களைப் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை பொதுவாகக் கிலோமீட்டர் கணக்கு. ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள், நீங்கள் ஜெய்ப்பூருக்குள்ளேயே சுற்றினாலும் அதுதான். வண்டி அவர்கள் கொட்டகையிலிருந்து கிளம்பி அங்கே திரும்பும் வரை மீட்டர் ஓடும். டோல், பார்க்கிங், உத்தரப்பிரதேச, ராஜஸ்தான் எல்லை வரி, டிரைவர் பேட்டா ஆகியவை உள்ளே சேர்ந்ததா, தனியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மஞ்சள் நம்பர் பிளேட் வண்டிதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் மலிவாகக் கேட்பார்கள், ஆனால் விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சிறிய செடான் போதாது. இன்னோவா மாதிரி வண்டியில் அப்பா அம்மா நடு வரிசையில் தாராளமாக உட்கார்ந்து வரலாம். பின் சீட்டு பெல்ட் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் இழுத்துப் பாருங்கள். சீட் கவர் போட்டு அதைப் புதைத்துவைத்திருப்பார்கள்.

டிரைவர் இரவு எங்கே தூங்குவார் என்பதையும் நீங்கள்தான் கேட்க வேண்டும். பல ஹோட்டல்களில் டிரைவர்களுக்கு ஒரு பொது அறை இருக்கும். இல்லாத இடத்தில் ஜனவரிக் குளிரில் அவர் வண்டியிலேயே சுருண்டு படுப்பார். அப்படித் தூங்காத ஒருவர்தான் மறுநாள் உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டப்போகிறார். ஹோட்டல் பதிவு செய்யும்போதே டிரைவர் அறை உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் அவர் தங்க 500 ரூபாயோ 700 ரூபாயோ தனியாகக் கொடுங்கள். ஆக்ராவில் பளிங்குப் பட்டறை, ஜெய்ப்பூரில் 'அரசு எம்போரியம்' என்று அழைத்துப்போய் நிறுத்துவதும் இதனோடு சேர்ந்த விஷயம். அவர்களுக்குச் சம்பளம் குறைவு, கடைக் கமிஷனில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். முதல் நாளே மரியாதையாக, 'பையா (இந்தியில் அண்ணா), கடை எதுவும் வேண்டாம், கடைசியில் உங்களுக்கு நான் நல்லபடியாகச் செய்கிறேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். தினம் இரண்டு மணி நேரம் மிஞ்சும்.

சரி, டெல்லி–ஆக்ரா. யமுனா எக்ஸ்பிரஸ்வே 2012 ஆகஸ்டில் திறந்தது, கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர். சாலையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் அந்த 165ஐ மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். டெல்லியில் உங்கள் ஹோட்டலிலிருந்து எக்ஸ்பிரஸ்வே தொடங்கும் இடத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆக்ராவுக்குள் இன்னொரு முக்கால் மணி. மொத்தம் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கரைவது ஊர்களின் ஓரத்தில்தான். கான்கிரீட் சாலை என்பதால் கோடையில் டயர் வெடிப்பது உண்டு. ஜனவரியில் அந்தப் பயம் குறைவு, ஆனாலும் டயரின் தேய்மானத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஃபரிதாபாத், பல்வல், மதுரா வழியாகப் போகும் பழைய நெடுஞ்சாலையும் இருக்கிறது. வரலாறு அந்தச் சாலையில்தான் கிடக்கிறது. முகலாயர் காலத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் கொண்ட ஒரு கோஸ் தூரத்துக்கு ஒன்றாக நிறுத்திய கோஸ் மினார் தூண்கள் ஃபரிதாபாத், பல்வல் பக்கம் இன்னும் நிற்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, கீழே எண்கோணமாகவும் மேலே உருண்டு சிறுத்தும் முப்பது அடி உயரத்துக்குக் கட்டியவை. ஆக்ராவிலிருந்து லாகூர் வரை இவற்றை நிறுத்த ஜஹாங்கீர் 1619இல் ஆணையிட்டார். ஆனால் இன்று அந்தச் சாலையில் லாரியும் ஆட்டோவும் சிக்னலும் அதிகம். தூண்களைத் தேடிப் பார்க்கும் ஆர்வம் இருப்பவருக்கு அது அருமையான வழி. முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்கு வேண்டாம். மதுரா, பிருந்தாவனம் போக அம்மா ஆசைப்பட்டால் எக்ஸ்பிரஸ்வேயிலிருந்தே பிரிந்து போகலாம், ஆனால் பிருந்தாவனத்துச் சந்துகளிலும் கோயில் நெரிசலிலும் அரை நாள் நிற்கவும் நடக்கவும் வேண்டிவரும். அதை அவர்களிடமே சொல்லி முடிவெடுங்கள்.

எக்ஸ்பிரஸ்வேயில் போவதில் பலரும் கவனிக்காத ஒரு வசதி உண்டு. அது உங்களை யமுனையின் தாஜ்மஹால் இல்லாத கரையில் கொண்டுபோய் விடுகிறது. இத்மாத்-உத்-தௌலா சமாதியும் மேஹ்தாப் பாக் தோட்டமும் அதே கரையில்தான். பாலம் தாண்டி ஊருக்குள் சிக்கிக்கொள்ளும் முன்பே முதல் நாள் பிற்பகலில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான் தன் பெற்றோருக்காகக் கட்டிய அந்தச் சமாதி 1628 வாக்கில் முடிந்தது. முழுக்க வெள்ளைப் பளிங்கு, வண்ணக் கற்களைப் பதித்த பூக்களும் ஜாடிகளும் கைக்கெட்டும் உயரத்தில். கூட்டம் குறைவு, நடை குறைவு. அப்பா அம்மா நிதானமாக உட்கார்ந்து பார்க்க ஆக்ராவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கிருந்து மேஹ்தாப் பாக் போனால் ஆற்றுக்கு அப்பால் தாஜின் பின்புறம் சாயங்கால வெயிலில் தெரியும்.

தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உங்கள் தேதிகளை முடிவு செய்ய வேண்டியது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். விடியலில் தாஜ் பார்ப்பது அழகு என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் ஜனவரி நடுவில் விடியலில் போனால் ஐம்பது அடி தள்ளி இருப்பதே தெரியாத நாட்கள் நிறைய. காலை பத்தரை, பதினொன்றுக்குப் போங்கள். இந்தியர்களுக்கு 50 ரூபாய், சமாதி மேடைக்கு ஏற மேலும் 200 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. பெட்ரோல், டீசல் வண்டியை அருகே விடமாட்டார்கள். கிழக்கு வாசல் பக்கம் ஷில்ப்கிராமில் நிறுத்தினால் அங்கிருந்து பேட்டரி வண்டி கிடைக்கும். சாப்பாட்டுப் பொருளை உள்ளே விடமாட்டார்கள், பையனுக்கான பிஸ்கட்டை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

இப்போது ஆக்ரா–ஜெய்ப்பூர். 240 கிலோமீட்டர்தான், நேராகப் போனால் நாலரை மணி நேரம் என்று பெரும்பாலானோர் ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆக்ராவுக்கும், ஜெய்ப்பூருக்கு முன்பு தலைநகராக இருந்த ஆமேருக்கும் இடையே உறவும் கல்லும் யாத்திரையும் போய்வந்த வழி இது. அக்பர் மணந்த இளவரசி ஆமேர் அரசர் பார்மலின் மகள். மகன் சலீம் பிறந்த நன்றிக்காக 1570இல் அக்பர் ஆக்ராவிலிருந்து அஜ்மீர் வரை நடந்தே போனது இந்தத் திசையில்தான். பின்னால் அந்த யாத்திரை வழியிலும் கோஸுக்கு ஒரு தூண் நிறுத்தி, அவர் வேட்டையாடிய மான்களின் கொம்புகளை அவற்றில் பதித்ததாக அக்கால வரலாற்றாசிரியர் பதாவ்னி எழுதியிருக்கிறார். தாஜ்மஹால் நிற்கும் நிலமே ஆமேர் அரசர் மிர்சா ராஜா ஜெய்சிங் வசம் இருந்தது. ஷாஜஹான் அதற்கு ஈடாக ஆக்ராவில் நான்கு மாளிகைகள் கொடுத்தார். ராஜஸ்தானின் மக்ரானா சுரங்கத்துப் பளிங்கை ஆக்ராவுக்கு ஏற்றி அனுப்ப வண்டிகள் வேண்டும் என்று ஜெய்சிங்குக்கு அவர் அனுப்பிய ஆணைகள் இன்றும் இருக்கின்றன. காலையில் தாஜில் கை வைத்த கல் வந்த திசையை நோக்கித்தான் மதியம் நீங்கள் போகிறீர்கள். பையனிடம் இதைச் சொல்லுங்கள், வண்டியில் தூங்கமாட்டான்.

ஆக்ராவிலிருந்து 37 கிலோமீட்டரில் ஃபதேபூர் சிக்ரி. 1585 வாக்கில் இங்கே வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், இந்த இரண்டு ஊரும் தனித்தனியே லண்டனைவிடப் பெரியவை என்றும், இடைப்பட்ட வழி முழுக்கக் கடைகளும் ஜனக்கூட்டமுமாக இருந்தது என்றும் எழுதிவைத்தார். இன்று அந்த வழியில் கடைசி சில கிலோமீட்டரில் காரை மறித்து, 'மேலே வண்டி போகாது, நான் அரசு கைடு' என்று ஏற வருகிறவர்கள் நிற்பார்கள். நிறுத்தவே வேண்டாம். வாகன நிறுத்தத்துக்குப் போனால் மேலே ஏற்றிச்செல்லப் பேருந்து இருக்கும். மேலே டிக்கெட் இடத்தில் அடையாள அட்டை உள்ள வழிகாட்டியை மட்டும் எடுங்கள். அவர் சொல்வதிலும் தரம் பிரித்துக் கேளுங்கள். அக்பர் 1571இல் இந்த நகரைத் தொடங்கியதும், 1585இல் வடமேற்கு எல்லைப் பிரச்சினைக்காக லாகூர் போனதும் உறுதியான செய்திகள். தண்ணீர் வற்றியதால்தான் ஊரைக் கைவிட்டார் என்பது ஒரு விளக்கம் மட்டுமே. தண்ணீர்க் கஷ்டம் இருந்திருக்கலாம், அது ஒன்றே காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. 'ஜோதாபாய் அரண்மனை' என்ற பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அக்பர் காலத்துப் பதிவுகளில் அவர் மனைவிக்கு அந்தப் பெயர் இல்லை. அனார்கலி தப்பித்த சுரங்கம் என்று ஒரு வாசலைக் காட்டினால் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அரண்மனைப் பகுதி சமதளம், அம்மாவால் மெதுவாக நடக்க முடியும். புலந்த் தர்வாசா என்ற பெரிய நுழைவாயிலின் படிகள் செங்குத்து. அந்தப் பக்கம் ஏற வேண்டாம், அரண்மனைப் பக்க வாசல் வழியாகவே மசூதி முற்றத்துக்கு வந்து சலீம் சிஷ்தி தர்காவைப் பார்க்கலாம். முற்றத்தில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும், ஜனவரியில் கல் ஜில்லென்று இருக்கும், காலுறை போட்டுவிடுங்கள்.

அன்றிரவு ஜெய்ப்பூர் வரை போகாமல் இருபது கிலோமீட்டர் தள்ளி பரத்பூரில் தங்குங்கள். இந்தத் திட்டத்தில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். இருட்டில் 180 கிலோமீட்டர் ஓட்டுவது மிச்சமாகும், மறுநாள் காலை கேவலாதேவ் பூங்காவும் கிடைக்கும். 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இடம். ஜனவரியில் வாத்துகள், பட்டைத்தலை வாத்து, நாரை, கொக்கு எல்லாம் நிறைந்திருக்கும். சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே, மரங்களுக்கு நடுவே போகும் நேரான தார்ச் சாலையில் சுற்றிவரலாம். அப்பாவும் அம்மாவும் ஓர் அடி நடக்க வேண்டாம். ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் பறவை கூவுவதை வைத்தே அதன் பெயரைச் சொல்லக்கூடியவர்கள். மன்னர் காலத்தில் இது வாத்து வேட்டைக்காடு. எந்த நாளில் யாருக்காக எத்தனை பறவை சுட்டார்கள் என்று பொறித்த கல் பலகை உள்ளே கோயில் அருகே இருக்கிறது. 1938இல் வைசிராய் லின்லித்கோவுக்காக நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4273. அந்த வரியைப் பையனே படிக்கட்டும். முன்பு சைபீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளைக் கொக்குகளைத் தேடிக் கேட்காதீர்கள், 2002க்குப் பிறகு அவை இங்கே வரவில்லை.

பதினொன்று, பதினொன்றரைக்குக் கிளம்பினால் சாலையின் இருபுறமும் கடுகு வயல். மஹுவா தாண்டி தௌசா மாவட்டத்தில் சிகந்தரா என்று ஓர் ஊர் வரும். அக்பரின் சமாதி இருக்கும் ஆக்ரா சிகந்தராவும் இதுவும் வேறு வேறு, வரைபடத்தில் போடும்போது பார்த்துப் போடுங்கள். இங்கே நெடுஞ்சாலை ஓரமாகவே கல் தச்சர்கள் உட்கார்ந்து மணற்கல்லில் ஜன்னல் சல்லடையும் யானையும் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் சிக்ரியில் பார்த்த சல்லடை எப்படி வந்தது என்று கண்ணெதிரே தெரியும்: ஒருவர் கல்லில் கோலம் மாதிரிக் கோடு போட்டிருப்பார், இன்னொருவர் உளியால் கட்டம் கட்டமாகத் தட்டி எடுப்பார், இப்போது துளைக்க மின்கருவியும் உண்டு, தூசு மண்டும். அம்மாவுக்கு இருமல் இருந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். அங்கிருந்து நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்தால் கொஞ்ச தூரத்தில் ஆபானேரி. அங்கே இருக்கும் சாந்த் பாவ்ரி படிக்கிணறு ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பதின்மூன்று அடுக்கு, 3500 படி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. இறங்க அனுமதி இல்லை, மேலே கம்பி வேலி ஓரமாக நின்று பார்ப்பதுதான். ஆகவே முழங்கால் வலிக்காரர்களுக்கும் இது முழுமையாகக் கிடைக்கும் காட்சி. செவ்வாய், சனியில் மட்டும் கவனம். அருகே மேஹந்திபூர் பாலாஜி கோயிலுக்குக் கூட்டம் வரும், நெடுஞ்சாலையில் அந்தப் பிரிவு நெரியும்.

ஜெய்ப்பூருக்குள் நுழையும்போது டிரைவரிடம் சுரங்கப்பாதை வேண்டாம், பழைய காட் கி கூணி வழியே போகச் சொல்லுங்கள். இரண்டு குன்றுக்கு நடுவில் சிசோதியா ராணி தோட்டம், வித்யாதர் தோட்டம், சத்திரி என்னும் குடை மண்டபங்கள் எல்லாம் அந்தக் கணவாயில்தான். 1727இல் நகரத்தைக் கட்டிய காலத்திலிருந்து ஆக்ராவிலிருந்து வந்தவர்கள் ஊரை முதலில் பார்த்தது இப்படித்தான். நாள் ஜனவரி 14 ஆக அமைந்தால் உங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டம். நமக்குப் பொங்கல், அவர்களுக்கு மகர சங்கராந்தி, ஊரே மொட்டை மாடியில் பட்டம் விடும். மாஞ்சா நூல் சாலைக் குறுக்கே தொங்கும், பையனை ஜன்னலுக்கு வெளியே தலை நீட்ட விடாதீர்கள்.

ஜெய்ப்பூரில் என்ன பார்ப்பது என்று எங்கும் கிடைக்கும், அதற்குள் நான் போகவில்லை. ஆமேர் கோட்டைக்கு மட்டும் ஒரு வார்த்தை: மேலே ஏற ஜீப் எடுங்கள், காலை எட்டு மணிக்கே திறந்துவிடும், கூட்டத்துக்கு முன் முடித்துவிடலாம். அங்கே பார்க்கும் ஷீஷ் மஹால் கண்ணாடி மண்டபம் தாஜுக்குப் பளிங்கு அனுப்பிய அதே மிர்சா ராஜா ஜெய்சிங் காலத்தது. திரும்பி டெல்லிக்கு ஏன் வர வேண்டும் என்பதையும் யோசியுங்கள். ஜெய்ப்பூரிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது. உங்கள் தேதியில் நேரம் சரிப்பட்டால் அங்கிருந்தே ஊருக்குப் பறந்துவிடலாம். வண்டி காலியாகத் திரும்பும் கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள், ஆனால் பெற்றோருக்கு ஒரு முழு நாள் மிஞ்சும். டெல்லி திரும்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஆமேரைக் கடைசி நாளுக்கு வையுங்கள். அது ஜெய்ப்பூரின் வடக்கே டெல்லி போகும் பழைய சாலையிலேயே இருக்கிறது. பெட்டிகளோடு கிளம்பி, கோட்டை பார்த்து, அப்படியே தேசிய நெடுஞ்சாலை 48இல் ஏறி கோட்புத்லி, பெஹ்ரோர் வழியே போகலாம். லாரி அதிகமுள்ள சாலை, ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். தௌசா வழியாக டெல்லி–மும்பை எக்ஸ்பிரஸ்வேயின் சோஹ்னா பகுதி 2023 பிப்ரவரியில் திறந்த பிறகு அதுதான் நிம்மதியான ஓட்டம், ஆனால் ஆமேருக்கு எதிர்த்திசை. இரவு ஒன்பது, பத்துக்கு டெல்லி எல்லையைத் தொடுவதுபோல் வராதீர்கள். பகலில் ஊருக்குள் விடாத கனரக லாரிகள் எல்லாம் அந்த நேரத்துக்காகத்தான் வரிசையில் நிற்கும். விமான நிலையம் குருகிராம் பக்கம் இருப்பதால் கடைசி இரவு அதன் அருகிலேயே தங்கிவிடுங்கள். ஜனவரி 26க்கு முந்தைய நாட்களில் ஒத்திகைக்காக மத்திய டெல்லிச் சாலைகளை மூடுவார்கள் என்பதால் டெல்லி சுற்றுவதைப் பயணத்தின் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். எந்த தாபாவிலும் வெள்ளைச் சாதம், தயிர், பருப்பு கிடைக்கும். 'மிர்ச் கம்' என்று சொன்னால் காரம் குறைத்துத் தருவார்கள். தயிர் புளிக்காமல் இருக்கும், அப்பா அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும். கழிப்பறைக்கு எக்ஸ்பிரஸ்வே ஓய்விடங்கள் பரவாயில்லை. பரத்பூருக்கும் தௌசாவுக்கும் இடையே நல்லது குறைவு, பெரிய பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் தேவையில்லாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இந்தக் குளிருக்கு என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்பதை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காசி. ஆக்ராவிலிருந்து சாலை வழியே சுமார் 600 கிலோமீட்டர். 302 கிலோமீட்டர் ஆக்ரா–லக்னோ எக்ஸ்பிரஸ்வேயும் அதற்கு அப்பால் பூர்வாஞ்சல் எக்ஸ்பிரஸ்வேயும் இருப்பதால் ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று சொல்வார்கள். ஓட்டலாம்தான். ஆனால் ஜனவரிப் பகல் வெளிச்சத்துக்குள் முடியாது, முடித்தாலும் பெற்றோர் மறுநாள் எழுந்து கங்கையில் குளிக்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். காசிக்குக் குறைந்தது மூன்று நாள் ஒதுக்கித் தனியாக வாருங்கள். டெல்லியிலிருந்து 2019 முதலும் ஆக்ராவிலிருந்து 2024 முதலும் வந்தே பாரத் ரயில் காசிக்கு ஓடுகிறது. ரயிலும் பனியில் தாமதமாகும். அதனால் அந்தப் பயணத்தை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.